படகுக் கக்கூஸும் சிப்பிக் கயிறும்

என் வேலையைச் சொன்னா முதல்ல எல்லாரும் மூக்கைத்தான் பிடிப்பாங்க. பிடிச்சுக்கட்டும். உல்லாசப் படகுங்க வந்து நிக்கிற துறையில, படகுக்குள்ள இருக்கிற கக்கூஸ் தொட்டியைக் குழாய் வச்சு உறிஞ்சி எடுக்கிறவ நான். மேல்தளத்துல ஒரு மூடி இருக்கும். சாவி போட்டுத் திருகி, குழாய் முனையை அழுத்திப் பிடிச்சு, மோட்டாரைப் போடணும். குழாய் நடுவுல ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி. அதுல நல்ல தண்ணி ஓடுற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. முடிஞ்சதும் படகுக்குப் பின்னாடி ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். அது இல்லாத படகு துறைக்குள்ள நிக்க முடியாது. எனக்குக் குழாயக்கான்னு பேரு வச்சதே அந்தப் படகுக்காரங்கதான்.

இந்த ஏற்பாடு வர்றதுக்கு முன்னாடி அத்தனை பேரும் கடல்லதான் திறந்து விடுவாங்க. எல்லாம் இஸ்திரி மடிப்புக் கலையாத பெரிய மனுஷங்க! நான் வந்தப்புறம் ஒருத்தரையும் விட்டதில்ல. "உங்க வீட்டுக் கூடத்துல இப்படித் திறந்து விடுவீங்களா சார்?"னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பேன். ஒரே வருஷத்துல தண்ணி தெளிஞ்சுது. துறையோட அலைத்தடுப்பு மதிலோரப் பாறையில நண்டு ஏறிச்சு. எனக்குப் பெருமையில கால் தரையில பாவல.

அந்தப் பெருமையிலதான் தங்கச்சிகிட்ட வாயை விட்டேன். அவளும் அவ வீட்டுக்காரரும் தூரமா, அலை அடிக்கிற இடத்துல கயிறு தொங்கவிட்டுச் சிப்பி வளர்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு வருஷமும் காத்து மழையில பாதி அத்துக்கிட்டுப் போயிடும். "எதுக்குடி அங்க போய் உசுரை விடுறீங்க? எங்க மதிலோரம் அலையே கிடையாது. தண்ணிக்கு நான் பொறுப்பு"ன்னேன். அவ வீட்டுக்காரர் தலையைச் சொறிஞ்சார். அவரு எதுக்கும் உடனே தலையாட்ட மாட்டார். தங்கச்சிதான், "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்"னா. கையில இருந்ததை எல்லாம் போட்டு நாப்பது கயிறு இறக்கினாங்க. எட்டு மாசத்துல சிப்பி கட்டை விரல் நீளம் வந்தாச்சு. கடல் தண்ணி சுத்தமான்னு பார்க்கிற தண்ணி ஆபீஸ்காரங்க வந்து சிப்பியைச் சோதிச்சு, சரின்னு சீட்டு குடுத்தா அறுவடை. அதுதான் பாக்கி.

அந்தச் சோதனைக்குப் பதினஞ்சு நாள் முன்னாடிதான் எனக்கு உறைச்சுது.

நான் உறிஞ்சுறதெல்லாம் துறைக்கு அடியில இருக்கிற பெரிய தொட்டிக்குப் போகும். வாராவாரம் லாரி வந்து எடுத்துக்கிட்டுப் போகணும். மூணு வாரமா லாரியைக் காணோம். ஆனா தொட்டி மட்டும் நிறையவே இல்ல. குச்சியை விட்டுப் பார்த்தா அதே பாதி. நம்ம தொட்டி தங்கமான தொட்டின்னு சிரிச்சுக்கிட்டு இருந்த கூமுட்டை நான். அன்னிக்குக் கடல் தண்ணி நல்லா வத்தியிருந்துச்சு. குழாயைக் கழுவ இறங்கினவ மதிலோட அடியைப் பார்த்தேன். அங்க ஒரு ஓட்டை. தொட்டியோட நடுவுலேருந்து வர்ற பைப்பு அது. காலையில நான் கஷ்டப்பட்டு எடுத்ததெல்லாம் அது வழியா ஊத்திக்கிட்டு இருந்துச்சு. முப்பது அடி தள்ளி என் தங்கச்சியோட கயிறு.

மேனேஜர் ரூமுக்கு ஓடினேன்.

"லாரி கான்ட்ராக்ட் முடிஞ்சு போச்சும்மா. புதுசு வர்ற வரைக்கும் வால்வைத் திறந்து வச்சிருக்கோம். உங்க வேலை உறிஞ்சுறது. அதைப் பாருங்க."

"மதிலோரம் சிப்பி இருக்கு சார்!"

"அவங்களை யாரு அங்க போடச் சொன்னது?"

நான்தானே சொன்னேன், பாவி.

முன்னாடியாவது ஆளாளுக்கு ஒரு மூலையில கொட்டினாங்க, கடல் தாங்கிச்சு. இப்ப ஊர்ல இருக்கிறவன் கழிவையெல்லாம் ஒண்ணு விடாமச் சேர்த்து என் தங்கச்சி தலையில ஊத்துறேன், அதுக்கு யூனிஃபார்ம் வேற. சாயங்காலம் சொல்லிடலாம்னுதான் அவ வீட்டுக்குப் போனேன். அடுப்படித் தரையில உக்கார்ந்து சிப்பி அள்ளுறதுக்கு வலைப்பை தைச்சுக்கிட்டு இருந்தா. "உன் புண்ணியத்துலக்கா"ன்னு ஊசியோட கையைத் தூக்கிக் கும்பிட்டா. வந்த வார்த்தையை மென்னு முழுங்கிட்டு வந்துட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதுக்கடுத்த நாள் போகவே இல்ல.

ஆனா எனக்குன்னு ஒரு கோணல் புத்தி இருக்கே, அது வேலை செஞ்சுது. உறிஞ்சாமலே ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிச்சேன். "சார், இங்க வேணாம். நல்லா உள்ளே தள்ளிப் போய்க் கடல்ல திறந்து விட்டுடுங்க"ன்னேன். "குழாயக்காவா பேசுறது?"ன்னு சிரிச்சுக்கிட்டே போனாங்க. ஒருத்தர் மட்டும் சிரிக்கல. ரிட்டயரான வாத்தியார், கடல் கெட்டுடும்னு படகுல பாத்திரத்தைக்கூடச் சோப்புப் போடாமக் கழுவுறவர். "நீங்க திட்டித்தானேம்மா நான் திருந்தினேன்?"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். பைப்பைப் பத்தி அவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். வேலை போயிடுமேன்னு பயம். அவர் நேரா துறை ஆபீசுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டார். அவர் மேல தப்பே இல்ல.

அன்னிக்கே என்னை அனுப்பிட்டாங்க. கேட்டுல நோட்டீஸ்: "கழிவை எடுக்காமல் ஸ்டிக்கர் ஒட்டிய ஊழியர் நீக்கப்பட்டார். கடலின் தூய்மையே நமக்கு முக்கியம்." அந்த வாரமே சோதனை. சிப்பியில அழுக்கு ஏறியிருக்கு, விக்கக் கூடாது, மொத்தத்தையும் எடுத்துப் புதைக்கணும்னு சீட்டு வந்துச்சு.

தெருவே என்னைத்தான் திட்டுச்சு. காசு வாங்கிக்கிட்டுத்தான் ஒட்டினாளாம்! தங்கச்சி ஒருத்திதான் தண்ணிக் குழாயடியில நின்னு, "எங்க அக்காவைப் பத்தி எனக்குத் தெரியும், வாயை மூடுங்க"ன்னு சண்டை போட்டிருக்கா. எனக்கு மனசு கேக்கல. போனேன்.

டீ வச்சுக் குடுத்தா. "அவங்க பொய்தானேக்கா சொல்றாங்க?"

எல்லாத்தையும் கொட்டினேன். லாரி, வால்வு, மதில் அடியில இருக்கிற பைப்பு, ஸ்டிக்கர், எதையும் மறைக்கல. கேட்டுக்கிட்டு இருந்த அவ வீட்டுக்காரர் சட்டுன்னு எழுந்துட்டார். "கிளம்புங்க அண்ணி, இப்பவே தண்ணி ஆபீஸ்ல போய்ச் சொல்லுவோம். விடக் கூடாது"ன்னு சட்டையை மாட்டினார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்ல. எனக்கும் உசுரு வந்த மாதிரி இருந்துச்சு.

தங்கச்சி அசையல. "அந்தப் பைப்பை நீ எப்ப பார்த்த?"

"சோதனைக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி."

"கயிறைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கிட்டுப் போக எங்களுக்கு ஒரு நாள் போதும். நல்ல தண்ணியில பத்து நாள் கிடந்தா சிப்பி எல்லாத்தையும் துப்பிடும். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்டி."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"நான்தானே அங்க போடச் சொன்னேன். உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவ வீட்டுக்காரர் பாதி போட்ட பட்டனைக் கழட்டிட்டு உக்கார்ந்துட்டார். தங்கச்சி கத்துவா, அழுவா, அடிப்பான்னு பார்த்தேன். அடிச்சிருக்கலாம். எப்பவும் பேசுற குரல்லதான் சொன்னா.

"டீயைக் குடிச்சிட்டுப் போக்கா. இனிமே வராத."

குடிச்சிட்டு எழுந்து வந்தேன்.