ரெண்டு இழை

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீரை நாச்சியம்மை துப்பட்டா நுனியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் அப்பச்சியின் முகம் தெரிந்தது; அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். கீழுதட்டின் இடது ஓரத்தில் கருத்த காயம் ஒன்று, சுற்றிலும் தோல் உரிந்து. ஆஸ்பத்திரியில் குழாய் செருகியபோது பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடி மறுபடி மங்கியது.

டப்ளினில் படித்துக்கொண்டிருந்த அவள் வந்து சேரட்டும் என்றுதான் இதுவரை வைத்திருந்தார்கள். இனி அதிக நேரமில்லை. வாசலில் அண்ணன் கார்த்திகேயன் யாரிடமோ பூ வண்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும் ஒவ்வொருவரும் பிள்ளையார் நோன்பைப் பற்றியே பேசினார்கள். உடம்பு முடியாத நேரத்திலும் அவள் அப்பச்சி வயிரவன் எழுந்து உட்கார்ந்து, செல்போனில் மகளைப் பார்த்துக்கொண்டே அவளுக்கு இழை கொடுத்ததை ஊரே சொல்கிறதாம். அத்தனை தூரம் போயும் வழக்கத்தை விடாத பிள்ளை என்றார் ஒரு பெரியம்மா. நாச்சியம்மை தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் அன்று இழை எடுக்கவில்லை.

புது வேட்டியிலிருந்து உருவிய நூல்களைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் பிசைந்த மாவில் செருகி ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டு விழுங்க வேண்டும். வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு அப்பச்சிதான் கொடுப்பார். வாய் நிறைய மாவோடு யாராலும் பேச முடியாது. அந்த நேரம் பார்த்து அண்ணன் ஏதாவது கேள்வி கேட்பான். அவள் கன்னம் உப்ப முழிப்பாள். விழுங்கி முடிக்கிறவரை அப்பச்சி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் மாவும் திரியும் பார்சலில் வந்தன. ஹாஸ்டல் அறையில் அவள் எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்திருந்தாள். காரைக்குடியில் விளக்கு வைக்கிற நேரம், அங்கே நடுப்பகல். அப்பச்சி திரையில் வந்துவிட்டார். அப்போதுதான் பக்கத்து அறை க்ளேர் காப்பிக் கோப்பையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். ஊர்ப் பலகாரம் என்றாள் நாச்சியம்மை.

நெருப்பு ஏற்றினால் அலாரம் அடித்துவிடும் என்பது அப்புறம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். க்ளேர் பார்த்துக்கொண்டிருக்க நெருப்புக்கு வாயைத் திறக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். கானாடுகாத்தானில் ஹோட்டலாகிவிட்ட பெரிய வீடொன்றில் மேனேஜராக இருந்தவர் அப்பச்சி. நோன்பன்று தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களை வீட்டுக்கே அழைத்து வந்து, முன்வரிசையில் உட்காரவைத்து, தன் வாயைத் திறந்து காட்டுவார்.

"எடு ஆத்தா" என்று திரையில் குழறலாகச் சொன்னார். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு அப்படித்தான்.

அவள் போனைக் கூரைப் பக்கம் திருப்பினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தன் முகத்துக்குக் கொண்டுவந்தாள்.

"எடுத்துட்டேன் அப்பச்சி."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை ஆட்டினார். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

இதை அம்மாவிடமாவது சொல்லிவிட வேண்டும், அவரைத் தூக்குவதற்குள். அம்மா பெட்டியின் கால்மாட்டில் அசையாமல் இருந்தாள். நாச்சியம்மை நகர்ந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, நோன்பன்னைக்கி நான்…"

"நோன்பன்னைக்கி உங்கப்பச்சி பண்ணுன கூத்து தெரியுமாடி?" இடையில் புகுந்தாள் அயித்தை, அப்பச்சியின் தங்கை. அழுது தொண்டை கட்டியிருந்தது. "நீ போன வச்ச பொறகு அவுக இழைய எடுத்தாக. கஞ்சியே ஸ்பூன்லதான் எறங்கும், கஷ்டப்பட்டு முழுங்குனாக. சரி, படுங்கண்ணேன்னா, இன்னொண்ணு குடுங்குறாக. புள்ளத்தாச்சிக்குத்தானே ரெண்டு இழை? வயித்துப் புள்ளைக்கும் சேத்து. எத்தன மாசம்ணேன்னு கேலி பண்ணேன்."

சுற்றியிருந்த பெண்களில் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"அதுக்கு என்னா சொன்னாக?" என்று யாரோ கேட்டார்கள்.

"எம்புள்ள வாயி காலியா இருக்குன்னாக. அங்குட்டு நீ ஒழுங்காத் திங்காம கெடக்கேன்னு நெனப்பு போல." அயித்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாவது இழை இழுத்துக்கிட்ட பக்கத்து ஒதட்டுல ஒட்டிக்கிருச்சு. அந்தப் பக்கந்தான் சுரணையே இல்லையே. எடுத்துவிடப் போனேன், கையத் தட்டிவிட்டாக. முழுங்கிட்டுத்தான் படுத்தாக."

நாச்சியம்மைக்குத் தன் குரல் கேட்டது. எடுத்துட்டேன் அப்பச்சி. வாயில் ஒன்றுமில்லாத ஒருத்தியின் தெளிவான குரல்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. நாச்சியம்மையின் உதடு அசைந்தது.

"அரிசிய எடுத்துக்க" என்றாள் அம்மா. "ஆளுக வந்துட்டாக."

பெட்டியைத் திறந்து அவரை வெளியே எடுத்தார்கள். குளிர் முகத்தில் அடித்தது. வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். கார்த்திகேயன் போட்டான், பங்காளிகள் போட்டார்கள். அரிசிமணிகள் உதட்டிலும் கன்னத்திலும் சிதறிக் கழுத்துப் பக்கம் உருண்டன.

அவள் முறை வந்தது. பிடி அரிசியோடு குனிந்தாள். இடது ஓரத்துக் காயத்தின் மேல் யாரோ போட்ட அரிசிமணி ஒன்று ஒட்டியிருந்தது. அதை விரல் நுனியால் மெல்ல எடுத்தாள். பிறகு வலது பக்கமாக, ஒன்றுகூட அங்கே பட்டுவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்றார்கள். கையில் இன்னும் அரிசி இருந்தது.