எர்த்தில் இறங்கிய ஆட்டம்

சூட்கேஸும் கையுமாக முன்வாசலைத் தாண்டிய டீச்சர், தெருவில் கால் வைப்பதற்குப் பதிலாகச் சமையலறைப் பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றாள். கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அடுப்பில் வைத்துவிட்டுப் போன பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். கிளம்புகிற பதற்றத்தில் வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு மறுபடியும் முன்வாசல் வழியாகப் போனாள். மறுபடியும் பின்வாசல் வழியாக வந்தாள். அடுத்து, பின்வாசல் வழியாகவே வெளியேறிப் பார்த்தாள். முன்வாசல் மிதியடியில் வந்து நின்றாள். அதற்குள் பஸ் போய்விட்டது. அந்த வாரம் வெங்காய விலை ஏறியிருந்ததால் தெருவில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தச் செய்தி பரவக் கொஞ்சம் தாமதமானது.

டீச்சர் வாழ்நாளில் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. பார்சல் அலுவலகத்தில் ஊர் வாரியாகப் பார்சல்களைப் பிரிப்பது அவள் வேலை. தப்பாக எழுதிய முகவரியைக் கண்டால் சிவப்புப் பேனாவால் திருத்தாமல் விடமாட்டாள். அதனால் வந்த பெயர். எந்தத் தெரு எந்த ஊரில் இருக்கிறது, எந்த ஊருக்கு எந்த வண்டி என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த ஊர்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அடுத்தவர் வீட்டுப் பழைய துணியும் உடைந்த பொம்மையும் போய்ப் பார்க்கிற ஊரை நாம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா என்ற ஆசை அவளுக்கு வெகுநாளாக உண்டு. கடைசியில் அது வாய்த்தது. துறைமுக நகரத்தில் புதிதாகக் கட்டிய பெரிய பிரிப்பு நிலையத்துக்கு மேற்பார்வையாளராகப் போகும்படி உத்தரவு வந்தது. வீட்டில் சொன்னாள். கணவர், "உன் இஷ்டம்," என்றார். இதற்கு என்ன பொருள் என்று கல்யாணமான எல்லோருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். போகாதே என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத மனிதருக்காக நான் ஏன் நிற்க வேண்டும் என்று அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்தாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் அவரை எர்த்காரர் என்பார்கள். எர்த் கம்பி சரியாக இல்லாத கட்டடத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வீட்டில் இரும்புக் கட்டில், பீரோ, துணி காயப்போடும் கம்பி என்று எல்லாவற்றுக்கும் பச்சை வயர் இழுத்து எர்த் கொடுத்திருந்தார். விட்டால் எனக்கும் ஒன்று கட்டிவிடுவார் என்று டீச்சர் சொல்வாள். வேலை செய்யும்போது ஸ்க்ரூக்களை வாயில் அடக்கிக்கொள்வது அவர் பழக்கம். எதைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் சில ஸ்க்ரூ மிஞ்சும். கம்பெனிக்காரன் தேவைக்கு மேல் போட்டுவிட்டான் என்று சொல்லி, மிஞ்சியதை அங்கங்கே அப்படியே விட்டுவிடுவார். ஆனாலும் மிக்ஸி ஓடியது, ஃபேன் ஓடியது, கடிகாரம் ஓடியது. அவர் பார்த்த லிஃப்டுகளும் ஓடின. அவற்றில் என்ன மிஞ்சியது என்று யாரும் கேட்டதில்லை.

வருத்தத்தைப் பேசித் தீர்க்கிறவர்கள் உண்டு, குடித்துத் தீர்க்கிறவர்கள் உண்டு. எர்த்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவார். மனைவிக்கு உத்தரவு வந்த வாரம், இடிக்கப்போகும் சினிமா தியேட்டர் ஒன்றில் லிஃப்டைக் கழற்றப் போனவர், அங்கே தூசி படிந்து கிடந்த வீடியோ கேம் பெட்டியை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். காசு போட்டு நின்றபடி விளையாடும் ஆள் உயரப் பெட்டி. ஜாய்ஸ்டிக்கின் உருண்டை பல கைகள் பட்டு வழவழவென்று இருந்தது. அதில் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். தொப்பி போட்ட குள்ளன் ஒருவன் சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைப் பொறுக்குவான். மூன்று நாய்கள் துரத்தும். இடது ஓரத்துச் சந்தில் வெளியேறினால் வலது ஓரத்துச் சந்து வழியாக உள்ளே வருவான். பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் அவருடைய தம்பிதான் யோசனை சொன்னார். உள்ளே இருக்கும் பிக்சர் டியூபையும் போர்டையும் தூக்கிவிட்டு, ஒரு கம்ப்யூட்டரையும் தட்டை மானிட்டரையும் வைத்தால், உலகத்தில் வந்த பழைய ஆட்டம் அத்தனையும் இந்த ஒரே பெட்டியில் ஓடும் என்றார்.

பிக்சர் டியூப் என்பது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தை வயிற்றில் வைத்திருக்கும் சாமான். கழற்றுவதற்கு முன் அதை இறக்கிவிட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை டியூபின் சொந்தச் சட்டத்திலேயே மாட்டிவிட்டுத் தொடுவார்கள். டியூபில் இருந்தது டியூபோடு அடங்கிவிடும். டிவி மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இது தெரியும். எர்த்காரர் லிஃப்ட் மெக்கானிக். மறுமுனையை வழக்கம்போல வீட்டு எர்த்தில் மாட்டிவிட்டுத் தொட்டார். டப் என்று ஒரு சத்தம் வந்தது. விளக்குகள் ஒரு முறை கண்ணடித்தன. கட்டிலும் பீரோவும் லேசாக அதிர்ந்து அடங்கின. இத்தனை வருஷம் டியூபில் தேங்கிக் கிடந்த ஆட்டம் பச்சை வயர்கள் வழியாக வீட்டுக்குள் இறங்கிவிட்டது. வாயில் ஸ்க்ரூ இருந்ததால் எர்த்காரர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் டீச்சர் சூட்கேஸோடு கிளம்பினாள்.

வெளியே போக முடியாமல் போனது அவளுக்கு மட்டுமல்ல. வேலைக்குக் கிளம்பிய எர்த்காரரும் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தார். ஊரில் லிஃப்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. ஜனங்கள் படியேறி இளைத்தார்கள். வெளியாட்களுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. காய்கறிக்காரர் வந்தார், போனார். துறைமுக நகரத்து மேலதிகாரிக்கு டீச்சர் ஃபோன் செய்து, வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். "புரியுதும்மா. எங்க வீட்லயும் இதே கதைதான்," என்றார் அவர். மாதக் கடைசி வரை அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் போனால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

வீட்டில் நாய் இல்லாத குறையைச் சொந்தக்காரர்கள் தீர்த்துவைத்தார்கள். நாத்தனார் வந்து, வீடே உன்னை விடமாட்டேன் என்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டாள். டீச்சரின் அக்கா வந்து, மாப்பிள்ளையைத் தனியாக விட்டால் அடுப்பை அணைக்கக்கூட ஆள் இல்லை என்றாள். பெரியப்பா வந்து, நம் குடும்பத்தில் யாருக்கும் கடலே ஒத்துக்கொள்ளாது என்றார். அவர் கடலைப் பார்த்ததில்லை. டீச்சர் ஹாலில் இருந்து சமையலறைக்கு ஓடினாள், சமையலறையில் இருந்து படுக்கையறைக்கு ஓடினாள். அவர்கள் பின்னாலேயே வந்தார்கள். முன்வாசல் வழியாகத் தப்பித்தால் பின்வாசலில் எதிரே வந்து நின்றார்கள். புத்திமதி தீர்ந்ததும், மூன்று பேரும் அதே முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி நிம்மதியாக நடந்து போனார்கள்.

இத்தனை நடந்தும் எர்த்காரர் வாயே திறக்கவில்லை. "வேணும்னே பண்ணீங்களா?" என்று டீச்சர் நேராகவே கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பிக்குத் துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நாத்தனார் உருகினாள். சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மென்றார். பல்வலி போலிருக்கிறது என்று டீச்சர் கிராம்பு எடுத்துக் கொடுத்தாள். கோபம் குறையாமலே கொடுத்தாள்.

கொழுந்தன் தினமும் வந்து பெட்டி வேலையை முடித்தார். டியூப் இருந்த இடத்தில் மானிட்டர், காசு விழும் அறைக்குள் கம்ப்யூட்டர், பட்டன்கள் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க ஒரு சின்ன போர்டு. ஸ்பீக்கர் மட்டும் பழையது. அது நன்றாகத்தானே இருக்கிறது என்று எர்த்காரர் சைகை காட்டியதால் தப்பித்தது. விமான ஆட்டம் ஓடியது, கார் ஆட்டம் ஓடியது, குத்துச்சண்டை ஓடியது. குள்ளனின் ஆட்டத்தைப் போட்டால் மட்டும் வெறும் சந்துகள் தெரிந்தன. குள்ளன் இல்லை, நாய்கள் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. "ஃபைல் கெட்டுப்போச்சு அண்ணி, வேற எறக்கிக்கலாம்," என்றார் கொழுந்தன். வேறு இறக்கியும் அதே வெற்றுச் சந்துகள். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். இத்தனை வருஷம் பெருக்கித் துடைத்த தரை அவளுக்குத் தெரியாதா? ஹால், படுக்கையறை, குளியலறைக்குப் போகும் கோணல் வழி, சமையலறை. இடது ஓரத்தில் திறந்திருந்தது முன்வாசல், வலது ஓரத்தில் பின்வாசல். இந்த ஆட்டத்தில் எப்படி வெளியே போவது என்று கேட்டாள். வெளியே எல்லாம் போக முடியாது, ஒரு புள்ளி விடாமல் பொறுக்கினால் அடுத்த கட்டத்துக்கு வேண்டுமானால் போகலாம் என்றார் கொழுந்தன். புள்ளிக்கு எங்கே போவது என்று யோசித்தபடி நாற்காலியை நகர்த்திய டீச்சரின் காலில் ஒரு ஸ்க்ரூ குத்தியது. குனிந்து எடுத்தாள். பெட்டியின் ஸ்பீக்கர் டிங் என்றது.

அன்றிலிருந்து கணவனும் மனைவியும் பொறுக்கினார்கள். பீரோவுக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், சர்க்கரை டப்பாவில், பூந்தொட்டி மண்ணில், மழைக்கோட்டுப் பையில், எங்கே கை விட்டாலும் ஸ்க்ரூ வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிங். கல்யாணமான வருஷம் பழுது பார்த்த ரேடியோவில் மிஞ்சியதுகூட அலமாரி இடுக்கில் துருப்பிடித்துக் கிடந்தது. கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு பக்கமாகத் தவழ்ந்து வந்து நடுவில் தலை முட்டிக்கொண்டார்கள். அவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது என்று டீச்சருக்குத் தோன்றியது. முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. ஒரு குடம் நிறைந்தது, அடுத்தது பாதி வரை வந்தது. அதற்குப் பிறகு டிங் நின்றுவிட்டது. வீடு முழுக்கத் துடைத்து எடுத்தாகிவிட்டது. டீச்சர் சூட்கேஸை எடுத்துக்கொண்டு முன்வாசலைத் தாண்டினாள். பின்வாசல் வழியாக வந்தாள்.

மாதக் கடைசி வந்துவிட்டிருந்தது. டீச்சர் சமையலறைத் தரையில் சூட்கேஸை வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது எர்த்காரர் பார்த்ததில்லை. "ஒரு தடவ அந்தக் கட்டடத்துக்குள்ள போய் நின்னா போதும்னு இருந்துச்சு," என்றாள். எர்த்காரர் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் உள்ளங்கையை இழுத்து, வாயைத் திறந்து, எச்சிலோடு ஒரு சின்னப் பித்தளை ஸ்க்ரூவைத் துப்பினார். டியூபைக் கழற்றியபோது மிஞ்சியது. ஸ்பீக்கர் டிங் என்று சொல்லி நிறுத்தாமல் ஒரு பாட்டையே வாசித்தது.

"நான் வேணும்னு பண்ணல," என்றார் எர்த்காரர். பேசிப் பல நாளானதில் குரல் கரகரத்தது. "பண்ணத் தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பேன்."

"அன்னைக்கே வாயத் தொறந்து போகாதன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேன்ல?"

"தெரியும். சொல்லவும் மனசு வரல. துப்பவும் மனசு வரல."

டீச்சர் அந்த ஸ்க்ரூவை முந்தானையில் துடைத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முன்வாசலைத் தாண்டினாள். தெரு வந்தது. வெங்காய விலை இறங்கியிருந்தது. பஸ் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்ததால் ஓட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அடுத்த கட்டம் என்பது எப்படி இருக்கும் என்று கொழுந்தன் முன்பே எச்சரித்திருந்தார். அதே சந்துகள்தான், நிறம் மட்டும் மாறும் என்று. டீச்சர் போன மறுநாள் வீட்டுச் சுவர்கள் தாமாகவே வெளிர்நீலம் ஆயின. பெயின்டர் ஒருவர் மட்டும் இதை ஆட்சேபித்தார். துறைமுக நகரத்தில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வேலையாகப் பெயர்ப்பலகையில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினாள். நிலையத்துக்கு இரண்டு கேட். ஆட்கள் போகும் கேட்டைத் தாண்டினால் கடற்கரைச் சாலையும், அவள் வாடகைக்கு எடுத்த அறையும் இருந்தன. லாரிகள் போகும் கேட்டை ஒரு நாள் சாயங்காலம் தற்செயலாகத் தாண்டினாள். தன் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றாள். எர்த்காரர் அடுப்பின் முன் நின்று பாலையே முறைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை முன்வாசலைத் தாண்டியதும் நிலையம் வந்தது. அவள் பின்னாலேயே அவரும் இறங்கிப் பார்த்தார். அவருக்குத் தெருதான் வந்தது. லிஃப்ட் வேலைக்குப் போனார். நிலையத்துக் காவலாளி, மேடம் உள்ளே வரும்போது கையெழுத்துப் போடுவதில்லை என்று புகார் செய்தார். லாரி கேட்டில் அவளுக்காக ஒரு மேசை போட்டதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. வெளியூரில் பிள்ளைகள் இருக்கிற அக்கம்பக்கத்தார் தங்கள் பழைய டிவிக்களைத் தூக்கிக்கொண்டு எர்த்காரரிடம் வந்தார்கள். அவரும் தட்டாமல் டியூபை எர்த்தில் இறக்கிக் கொடுத்தார். அவற்றில் இருந்து செய்திகளும் விளம்பரமும்தான் இறங்கின.

டீச்சர் சில நாள் லாரி கேட் வழியாக வருவாள். சில நாள் கடற்கரைக்கு நடந்து, அறையில் தங்கி, ஜன்னல் வழியாகக் கப்பல்களைப் பார்ப்பாள். இன்றைக்கு எந்தக் கேட் என்று எர்த்காரர் ஃபோன் செய்து கேட்பதில்லை. சாயங்காலம் இரண்டு தட்டு எடுத்து வைப்பார். அவள் வந்தால், வாயில் இருக்கும் ஸ்க்ரூவை எல்லாம் கிண்ணத்தில் துப்பிவிட்டு, இன்றைக்கு எந்தெந்த ஊருக்குப் பார்சல் போனது என்று கேட்பார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பார். வராத நாளில் இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்வாசலைத் தாழ் போடாமல் படுத்துக்கொள்வார்.