வீட்டுக்குள் மட்டும்

அருள்முருகன் ஹால் அலமாரியைத் திறந்து, அண்ணன் வைத்திருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். கதகதப்பாக இருந்தது.

"அண்ணி, இது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. அணைச்சிரவா?"

அகிலாவும் அவனும் விஜயபாஸ்கரைப் பிணவறையில் விட்டுவிட்டு இப்போதுதான் வளைகுடா நாட்டு அப்பாசியா ஃப்ளாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். நேற்று மாலை அவள் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்தபோது கணவன் பாத்ரூம் தரையில் கிடந்தான். மாரடைப்பு. விழுந்த பிறகும் வெகுநேரம் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

போன வருடம் அதே பாத்ரூமில் அவள் மயங்கி விழுந்த பிறகுதான் அவன் இதையெல்லாம் வாங்கி வந்து மாட்டினான். உள்ளே போனவர் அசையாமல் கிடந்தால் சென்சார் கண்டுகொள்ளும். ஹால் ஸ்பீக்கர் வீட்டிலிருக்கும் மற்றவரைக் கூப்பிடும். அவளைக் கூப்பிட மெஷின் குரல் வேண்டாமென்று தன் குரலையே பதிவு செய்து வைத்தான். விளக்கு, ஏசி எல்லாமே அந்தப் பெட்டியின் சொல்படிதான். வீட்டை விட்டு ஒரு சேதியும் வெளியே போகாது என்பதில் அவனுக்கு அத்தனை பெருமை.

"என் போனுக்கும் வர்ற மாதிரி வைங்களேன்" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"அதுக்கு வெளிய ஒரு வாசல் தொறக்கணும். தொறந்தா எவன் வேணா எட்டிப் பாப்பான். நம்ம பாத்ரூம் சமாச்சாரம் எவனுக்கோ எதுக்கு?"

அவளும் விட்டுவிட்டாள்.

"நெட்டைப் புடுங்கினாலும் நிக்காதுன்னு அண்ணன் சொல்லும்" என்றான் அருள்முருகன். "என்ன மூளை!"

"நேத்து அது கூப்பிட்டுச்சா?" என்று கேட்டாள் அகிலா.

தேநீர் கொண்டுவந்த பக்கத்து ஃப்ளாட் ஜொஹரா தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அகிலா... நேத்து மத்தியானம் விஜயபாஸ்கர் தம்பி குரல் கேட்டுச்சு."

"என்னன்னு அக்கா?"

"'அகிலா, பாத்ரூம்ல போய்ப் பாரு, போய்ப் பாரு'ன்னு. அல்லாவே, எனக்கென்ன தெரியும்? நீ லீவு போட்டுட்டு வீட்டுல இருக்கே போல, உங்கிட்டதான் பேசுறாருன்னு நெனச்சேன். புருசன் பொஞ்சாதி பேச்சை ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிட்டேன்."

"ரொம்ப நேரமாவா?"

ஜொஹரா தட்டைக் கீழே வைத்தாள். முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அருள்முருகன் அலமாரிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

அவன் போன் அடித்தது. உடலை ஊருக்கு அனுப்பும் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த லுக்மான் பாய். கேட்டுவிட்டு அகிலாவிடம் திரும்பினான்.

"துணி கேக்குறாங்க அண்ணி. போட்டு அனுப்ப. ஒரு நல்ல சட்டையா..."

அகிலா பீரோவிலிருந்து வெளிர்நீலச் சட்டையை எடுத்தாள். கழுத்துப் பொத்தான் இல்லை. வேறு சட்டைகளும் இருந்தன. அவள் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நூல் ஊசிக்காதுக்குள் போகவில்லை. எச்சில் தொட்டு முறுக்கிப் பார்த்தாள். அப்போதும் போகவில்லை.

ஜொஹரா எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்து ஊசியை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நூலைக் கோர்த்தாள். நுனியில் முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்து, ஊசியைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு காலர் நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அகிலா தைக்க ஆரம்பித்தாள்.