மணிக்கு அறுபது

வண்டியில் முப்பத்துநான்கு சதவீதம் மின்சாரம் மிச்சம் இருந்தது. போக வேண்டிய தூரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். சீர்காழி அருகே உணவகம் ஒன்றின் வாசலில் இருந்த ஒரே சார்ஜரில் ஒரு கார் செருகப்பட்டிருந்தது. இன்னொன்று பின்னால் காத்து நின்றது. மணி ஒன்பது இருபது.

"எவ்ளோ நேரம் ஆவும் சார்?" என்று சரத்குமார் கேட்டான்.

"எனக்கே இன்னும் அரை மணி. அவருக்கு அப்புறம்தான் நீங்க," என்றார் கார்க்காரர். டீயை ஆற்றிக் குடிக்க அவருக்கு நேரம் இருந்தது.

சரத்குமாருக்கு இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் நாகப்பட்டினத்தில் தங்கை மாலாவின் பெண் குழந்தைக்குக் காது குத்தியாக வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது வழக்கம். அந்த மடி சரத்குமாருடையது.

மூத்த குழந்தைக்கு அப்படி நடக்கவில்லை. மூன்று வருடம் முன்பு, சிதம்பரத்தில் நெரிசலில் நின்றபடியே, "காரைக்கால் தாண்டிட்டேன், இதோ வந்துட்டேன்" என்று போனில் சொன்னான். இதோ, இதோ என்று நான்கு முறை சொன்னான். அவன் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா மகன் மாரியப்பன் மணையில் உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. மாலா அண்ணனுக்குச் சாப்பாடு போட்டாள். பேசவில்லை. அதன் பிறகு ஆறு மாதம் பேசவில்லை.

இந்த முறை அப்படி ஆகக்கூடாது என்றுதான் பஸ்ஸை நம்பாமல் சொந்தக் காரில் கிளம்பினான். கார் அவன் மனைவி அன்புசெல்வியின் தொழிலுக்காக வாங்கியது. தங்கள் ஊரான வைத்திக்குப்பத்தில் ஏலம் எடுக்கும் மீனைச் சுத்தம் செய்து, ஊருக்குள் ஏழெட்டு உணவகங்களுக்கு அவள் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்தத் தெருக்களில் நாற்பதுக்கு மேல் யாரும் ஓட்ட முடியாது. அதனால் முழு சார்ஜில் இருநூறு கிலோமீட்டர் தாராளமாகக் கிடைத்தது. நாகப்பட்டினம் நூற்று நாற்பதுதான். போய் இறங்கும்போது அறுபது கிலோமீட்டர் மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, காலை ஏழே முக்காலுக்குத்தான் வண்டியை எடுத்தான்.

கடலூர் தாண்டியதும் நாலுவழிச் சாலை விரிந்தது. அவன் கால் தானாக அழுந்தியது. நூற்றைந்து. நூற்றுப் பத்து. சத்தமே இல்லாமல் வண்டி பறந்தது. "பாத்தியா, பெட்ரோல் வண்டியெல்லாம் பின்னாடி நிக்குது," என்றான். அன்புசெல்வி மடியில் இருந்த சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு சதவீதத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது அவள் கேட்டாள்: "பஸ் ஏறிடலாமா?"

"ஊர் ஊரா நின்னு போவும். ரெண்டு மணி நேரம்."

"அப்ப மெதுவாப் போலாம்."

"மெதுவாவா? நேரம் இருக்கற லட்சணத்துக்கு?"

"ஏங்க, கடல்ல நீ ஒரு நாளாச்சும் பெட்ரோல் தீந்து, இன்னொரு போட்டுல கயிறு கட்டி இழுத்துக்கினு வந்திருக்கியா?"

"நானா? ஊர்ல கேட்டுப் பாரு."

"கேன்ல கொஞ்சமாத்தான் இருக்குன்னு தெரிஞ்சா என்னா பண்ணுவ?"

அவன் மீன்பிடிப் படகு ஓட்டுகிறவன். எஞ்சின் கைப்பிடியைப் பாதிக்குமேல் முறுக்க மாட்டான். முழுக்க முறுக்கினால் படகு கொஞ்சம்தான் கூடுதலாகப் போகும். எஞ்சின் குடிப்பதோ இரண்டு மடங்கு. எதிர்க்காற்று என்றால் இன்னும் மோசம். இதெல்லாம் அவன் உடம்புக்குத் தெரிந்த விஷயம். ஆனால் சாலையில் அலை இல்லை, தண்ணீர் இல்லை. வண்டி எதையோ முட்டித் தள்ளிக்கொண்டு போகிறது என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

எதிரே உணவகத்தின் கொடித்துணி வடக்குப் பக்கமாக விறைத்துப் பறந்துகொண்டிருந்தது. வைகாசி மாதத் தென்காற்று. அவன் போக வேண்டியது தெற்கே.

"கடல்ல இருக்கற புத்தி ரோட்டுக்கு வந்தா எங்க போவுதோ," என்றாள் அவள்.

"சரி, ஏறு."

குளிர்சாதனத்தை அணைத்தார்கள். அறுபதில் முள்ளை நிறுத்தினான். ஒரு கிலோமீட்டருக்கு அரை சதவீதம் என்றால் போய்ச் சேரலாம். ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. பஸ் ஒன்று முந்தியது. பிறகு ஐஸ் பெட்டி ஏற்றிய மினி லாரி ஒன்று, ஒலிப்பானை அழுத்திக்கொண்டே முந்தியது. உள்ளே இருந்தவன் தலையை நீட்டி, "தள்ளிவிடட்டா அண்ணே?" என்று சிரித்தான்.

போன் அடித்தது. மாலா. அன்புசெல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க வர்றீங்க அண்ணி?"

சரத்குமார் ஒரு கையை ஆட்டினான். காரைக்கால் என்று உதட்டை அசைத்தான். அவள் அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"இப்பதான் சீர்காழி தாண்டினோம் மாலா. உங்கண்ணன் வேகமா ஓட்டி சார்ஜைத் தீத்துட்டாரு. இனி அறுபதுலதான் வர முடியும். பத்து இருபத்தஞ்சுக்கு உன் வாசல்ல இருப்போம்."

மறுமுனையில் மாலாவின் மாமியார் மணியம்மாளின் குரல் கேட்டது: "உங்கண்ணன் கப்பல்லயா வர்றாரு? மாரியப்பனை உக்காரச் சொல்லுடி, ஆசாரி காத்துக்கினு இருக்காரு."

"நெசமாவா அண்ணி? பத்து இருபத்தஞ்சு?"

"நெசமா. முன்னாடியும் வர மாட்டோம்."

"பத்து இருபத்தஞ்சு வரைக்கும் பாக்கறேன்," என்று மாலா போனை வைத்தாள்.

"ஏன் அப்படிச் சொன்ன? மானம் போவுது," என்றான் சரத்குமார்.

"நீ சொன்னா அவ நம்ப மாட்டா. நான் சொன்னா நம்புவா. அத நீ கெடுத்துறாத."

பத்து மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் இருந்தது. பதிமூன்று சதவீதம். சாலை காலியாக இருந்தது. அவன் கால் மெல்ல அழுந்தியது. எழுபது, எண்பது, எண்பத்தைந்து. வெளியே காற்று இரைந்தது. இந்தச் சத்தத்தை இதுவரை எப்படிக் கேட்காமல் இருந்தோம் என்று நினைத்தான். படகின் மூக்கில் தண்ணீர் பிளக்கும் சத்தம் போலவேதான் இருந்தது. மூன்று கிலோமீட்டரில் எண் பத்துக்கு இறங்கியது. அன்புசெல்வி சீர்த்தட்டில் வாடிய மல்லிகையின் மேல் ஈரத்துணியைப் போட்டாள்.

காலைத் தளர்த்தினான். ஐம்பத்தெட்டு. அதற்கு மேல் ஏற்றவே இல்லை. இவ்வளவு அவசரத்தில் இவ்வளவு மெதுவாகப் போவது அவனுக்கு வாழ்க்கையிலேயே கடினமான வேலையாக இருந்தது.

பத்து இருபத்துநான்குக்கு வண்டி தெருவுக்குள் திரும்பியது. இரண்டு சதவீதம். மாலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அவள் கையில் இருந்த போனில் நேரத்தைப் பார்த்தாள், பிறகு அண்ணியைப் பார்த்தாள். மாரியப்பன் மணைக்குப் பக்கத்தில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றவன், "வாண்ணே, உனக்காகத்தான் மணையைச் சூடு ஆறாம வச்சிருக்கேன்," என்று விலகினான். சட்டை முழுக்க நனைந்திருந்த சரத்குமார் அப்படியே உட்கார்ந்தான். குழந்தை அவன் ஈர மடியில் நெளிந்தது. அன்புசெல்வி தோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தபோது பத்தரைக்கு ஒரு நிமிடம் இருந்தது. குழந்தையின் அழுகை தெருமுனை வரை கேட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாலா ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக் கொடுத்தாள். கார் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கியது.

"எத்தனை மணிக்குண்ணே கிளம்பற?" என்று கேட்டாள். எப்போதும் இலையை எடுப்பதற்குள் கிளம்புகிறவன் அவன்.

இதோ என்று வாயில் வந்தது. கார்த் திரையைக் குனிந்து பார்த்தான்.

"முழுசா ஏற ஒன்பது மணி நேரம் காட்டுது. நாளைக்குக் காலையில போறோம். அறுபதுலதான் போவேன். ஊட்டுக்குப் போக ரெண்டரை மணி நேரம் ஆவும்."

மாலா நெசமாவா என்று கேட்கவில்லை. உள்ளே போய் ராத்திரிக்குப் பாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.