சிரிப்பு டாக்டரின் பேட்ஜ்

எங்கள் விண்வெளி மையத்தின் தலைமை மருத்துவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு டாக்டர். கெட்ட சேதியையும் பல்லைக் காட்டிக்கொண்டே சொல்வார். என் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்றும் அப்படித்தான் சொன்னார். அவள் விண்வெளிக்குப் போய்வந்ததற்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பதை இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்துச் சொன்னார்.

சம்பந்தம் இருந்தது. அக்கா மேலே இருந்தபோது சூரியப் புயல் அடித்தது. கதிர்வீச்சைத் தடுக்கத் தண்ணீர்ப் பைகள் அடுக்கிய மூலையில் எல்லோரும் ஒதுங்கவேண்டிய நேரத்தில், பழுதான கருவி ஒன்றைச் சரிசெய்ய அவள் நாலு மணி நேரம் வெளிச்சுவர் ஓரம் கிடந்தாள். மார்பில் குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைக் கழற்றித் தண்ணீர்ப் பைகளுக்கு நடுவில் வைக்கச் சொன்னது இந்த மனுஷன்தான். "அளவு தாண்டிட்டா அடுத்த தடவை உன்னை அனுப்ப மாட்டாங்கம்மா" என்றாராம். மறுபடி பறக்கும் ஆசையில் அந்தப் பைத்தியம் கழற்றி வைத்தது. பறக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது.

பேட்ஜ் சுத்தமாக இருந்தது. ரத்தம் அப்படி இல்லை. பயணிகள் தரையிறங்கியதும் ரத்தம் எடுத்து, அணுக்களுக்குள் முறிந்து தாறுமாறாக ஒட்டிக்கொண்ட குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது என் வேலை. முறிவு கூடினால் உடம்பில் பட்ட கதிர்வீச்சும் கூடுதல் என்று அர்த்தம். அக்காவுடையதில் முறிவுகள் எண்ண எண்ணக் கூடிக்கொண்டே போயின. பணியால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டால்தான் மையத்தின் மருத்துவமனையில் அவளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவார்கள். சிரிப்பு டாக்டர் என் அறிக்கையைத் தள்ளிவிட்டார்.

"பேட்ஜ்தான்மா முடிவு. தங்கச்சி எண்ணினதை எவன் நம்புவான்?"

அன்றே கறுவிக்கொண்டேன்.

ஓய்வு பெறுவதற்குள் தானும் ஒருமுறை மேலே போகவேண்டும் என்பது அவருடைய முப்பது வருஷக் கனவு. அடுத்த பயணத்தில் இடமும் கிடைத்தது. ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், அவர் நாற்காலியில் தொங்கிய கோட்டை, மையத்தில் எல்லோரும் குத்திக்கொள்ளும் பேட்ஜோடு எடுத்துப்போய், கருவிகளைச் சோதிக்கும் கதிர்வீச்சு அறைக்குள் மாட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்து அதே நாற்காலியில் கொண்டுவந்து போட்டேன்.

மாதக் கடைசியில் பேட்ஜைப் படித்தார்கள். ஒருவர் வாழ்நாள் முழுக்கப் படலாம் என்ற அளவையே தாண்டியிருந்தது. பயணப் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு, விசாரணைக் குழு ஒன்றும் போட்டார்கள்.

முதன்முறையாகச் சிரிப்பில்லாமல் என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, என் உடம்புல ஒண்ணும் படல. ரத்தத்தை எண்ணிப் பாரேன்."

"பேட்ஜ்தானே சார் முடிவு?"

"அது எப்படிம்மா? பேட்ஜ் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் இருந்தா அது எப்படி உண்மையைச் சொல்லும்?"

"அதை அப்படியே எழுதிக் குடுங்க சார். ரத்தத்தை நான் எண்ணிச் சொன்னா நீங்க ஏத்துக்கறதாவும் சேர்த்து எழுதுங்க. இல்லன்னா குழு நம்பாது."

எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரே விசாரணைக் குழுவுக்கு அனுப்பினார். அவசரம் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

அவருடைய ரத்தத்தை ஒன்றுகூடக் கூட்டாமல் குறைக்காமல் எண்ணினேன். சுத்தம். அந்த அறிக்கையோடு அக்காவின் பழைய எண்ணிக்கையையும் இணைத்து, புயல் நேரத்தில் அவரும் அக்காவும் ரேடியோவில் பேசிய பதிவைக் கேட்கச் சொல்லி ஒரு வரி எழுதினேன். கேட்டார்கள். அக்காவுக்கு மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது. அவரைப் பயணப் பட்டியலில் திரும்பச் சேர்க்கவில்லை; அன்றே பதவியிலிருந்தும் நீக்கினார்கள்.

போகும்போது என் மேசையருகே நின்றார். "கோட்டை அங்க மாட்டினது நீதானா?"

"ஆமா சார்."

"சொன்னா உன் வேலை போயிடும்."

"தாராளமா சொல்லுங்க."

சொன்னார். போய்விட்டது.

நாளைக்கு என் மஜ்ஜையை எடுத்து அக்காவுக்கு ஏற்றுகிறார்கள். பிழைப்பாளா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். முடி கொட்டிய தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாவம்டி அந்த மனுஷன். இனிமே பறக்க முடியாதுன்னா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்க்கா. அதனாலதான் செஞ்சேன்."