புத்தகம் மூடும் தேதி

ஷிப்ட் முடிந்து தங்கச் சுரங்க மில்லிலிருந்து வெளியே வருகிறவர்களைத் தடவிப் பார்ப்பது முனிரத்தினத்தின் வேலை. இடுப்பு, தலைப்பாகை, செருப்பு, டிபன் கேரியரின் அடித்தட்டு. எவன் அவசரப்படுகிறானோ அவனிடம் தங்கம் இருக்கலாம். இத்தனை வருஷத்தில் அவர் கற்றது அதுதான்.

சோதனைக்காரரோடு லைன் வீடுகளில் யாரும் ஒட்டுவதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். பந்தியில் பக்கத்து இலையில் யாரும் உட்காரமாட்டார்கள். மில்லில் வேலை செய்யும் ஏசுபாதம் ஒருவன்தான் கேட்டுக்கு வெளியே அவருக்காகக் காத்திருப்பான். "வாங்கண்ணே, டீ சாப்ட்டுப் போலாம்."

மெட்ராஸில் இறந்துபோன மாமா வழியாக ஏசுபாதத்துக்கு கூரை ஓடு செய்யும் ஒரு கம்பெனியின் ஷேர்கள் வந்திருந்தன. பங்காருப்பேட்டையில் மனை வாங்க அவற்றை விற்க நினைத்தான். ரிட்டயராகப் போகிற முனிரத்தினத்திடம் டீக்கடையில் சொன்னான்.

"ஷேர் பதினஞ்சு ரூபாண்ணே. ஆனா இந்த வாரமே கையெழுத்துப் போட்டு மெட்ராசுக்கு அனுப்பிடணும். மாசக் கடைசில கம்பெனி ஷேர்காரங்க பேரு எழுதற புக்கை மூடறான். அதுக்குள்ள உங்க பேரு ஏறிடுச்சுன்னா இந்த வருச டிவிடெண்ட் உங்களுக்கு. ஏறலன்னா எனக்கு வந்துடும்."

"எனக்குக் காசு வரதுக்கு நீ இன்னாத்துக்கு ஓடற?"

"அந்தக் காசையும் சேத்துதாண்ணே வெல சொல்றேன். எனக்கு மனைக்குப் பணம் வேணும்."

முனிரத்தினம் டம்ளரைக் கீழே வைத்தார். அவசரம்.

வீட்டில் மனைவி குணசுந்தரி சிரித்தாள். "அவரா அவசரப்படறாரு? தேதிதான் அவசரப்படுது."

"தேதியச் சொன்னது யாரு? அவன்தானே."

ராபர்ட்சன்பேட்டை பாங்கில் ஒரு குமாஸ்தாவிடம் விசாரித்தார். குமாஸ்தாவும் அதையே சொன்னார். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். யாரோ சொல்லிக்கொடுத்தது போல. முனிரத்தினம் திரும்பி வந்துவிட்டார்.

ஏசுபாதம் இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். இரண்டு முறையும் நாளைக்கு என்றார். மாதம் முடிந்தது.

"புக்கை மூடிட்டான்" என்றான் ஏசுபாதம், டீக்கடையில். "டிவிடெண்ட் எனக்குத்தான் வரும். அத்தொட்டு ஒரு ரூபா கொறச்சிக்கிறேன். பதினாலு குடுங்க."

"போன வாரம் பதினஞ்சு. இப்ப பதினாலு. இன்னா கெட்டுப்போச்சு அதுல?"

ஏசுபாதம் சிரித்தான். "கன்னோட மாட்டை வித்தா ஒரு வெல. கன்னை நான் வெச்சிகினு மாட்டை மட்டும் குடுத்தா ஒரு வெல. இதுல கெட்டுப்போக இன்னா கீது?"

குணசுந்தரி விடவில்லை. பதினாலுக்கு வாங்கினார். கம்பெனி மறுபடி புத்தகத்தைத் திறந்ததும் ஷேர்கள் அவர் பேருக்கு மாறி வந்தன. பத்திரங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார்.

பிறகு ஒருநாள் தபால்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். ஏசுபாதத்துக்கு ஓட்டுக் கம்பெனியிலிருந்து கவர் வந்திருக்கிறது.

"ஷேர் என்னுது. காசு அவனுக்கு" என்றார் முனிரத்தினம்.

"அதுக்குத்தானே ஒரு ரூபா கொறச்சாரு?" என்றாள் குணசுந்தரி.

கணக்கு அவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து ஏசுபாதம் வேகமாக வந்தான். "அண்ணே, சீக்கிரம். மனைக்காரரு பங்காருப்பேட்டைல காத்துனு கீறாரு. ரயிலு பூடும்."

"கையைத் தூக்கு."

தூக்கினான். இடுப்பைத் தடவினார். தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னார். செருப்பைத் தட்டினார். டிபன் கேரியரை அடுக்கு அடுக்காகப் பிரித்தார். ஒன்றும் இல்லை. பின்னால் வரிசை நின்றது.

"சட்டையக் கழட்டு."

"அண்ணே."

"கழட்டு."

சட்டைப் பையில் கவர் இருந்தது. காகிதத்தை அவர் ஒருநாளும் பிரித்ததில்லை. பிரித்தார். டிவிடெண்ட், ஷேருக்கு ஒரு ரூபாய். தொகையை இரண்டு முறை படித்தார். சரியாக இருந்தது.

கோரமண்டல் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் ஊதியது.

"கன்னுக்குட்டிக்குக் காலு நாலும் கீதா அண்ணே?" என்றான் ஏசுபாதம்.

வரிசையில் ஒருவன் சிரித்தான். ஏசுபாதம் சிரிக்கவில்லை. கவரை வாங்கி மடித்தான். சட்டையை மாட்டிக்கொண்டான். தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

வேலை முடிந்து முனிரத்தினம் டீக்கடைக்குப் போனார். இரண்டு டீ சொன்னார். இரண்டும் ஆறின.

மறுநாள் கேட்டில் இரண்டு வரிசைகள். இன்னொரு சோதனைக்காரரான பெருமாள் சோதிக்கிற வரிசை தண்ணீர்த் தொட்டிவரை நீண்டிருந்தது. முனிரத்தினத்தின் முன்னால் நாலைந்து பேர். ஏசுபாதம் பெருமாளின் வரிசைக் கடைசியில் நின்றான். அவன் அவசரப்படவில்லை.