குதிகாலில் ஒட்டிய கறுப்பு

கடையைத் திறந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, ரப்பர் பட்டைகளுக்குக் கறுப்பு ஷூ பாலிஷ் போடுவது. கடலில் முக்குளிக்கப் போகிறவர்களுக்குக் காலில் மாட்டும் துடுப்புகளை வாடகைக்கு விடும் கடை அது. குதிகாலைப் பிடித்திருக்கும் பட்டை வெயிலிலும் உப்பிலும் விரிசல் விடும். மாற்றினால் செலவு, பாலிஷ் போட்டால் பளபளப்பு. என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

சுவரில் ஒற்றைத் துடுப்பு ஒன்று தொங்கியது. அதன் ஜோடி, பட்டை அறுந்து, கடலோடு போய்விட்டது. அதை மாட்டியிருந்த இளைஞனை நீரோட்டம் இழுத்துப் போனது. அவன் உடலைக் கரையில் கிடத்தியபோது குதிகாலில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. படகு எண்ணெய் என்றார்கள். அது என்னவென்று தெரிந்த ஒரே மனிதர் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தக் குதிகால்தான். ஒற்றைத் துடுப்பிலிருந்து நீர் சொட்டுவதாகத் தோன்றி, காய்ந்த தரையையே துடைத்துக்கொண்டிருப்பார். பாலிஷை மட்டும் விடவில்லை.

அன்று அவருடைய மகள், தோழியோடு முதன்முறையாகக் கடலில் இறங்கக் கிளம்பி, துடுப்பு எடுக்க வந்தாள்.

"அப்பா, ரப்பர் பட்டையா, ஸ்பிரிங்கா?"

"ஸ்பிரிங்தாம்மா. கம்பிச்சுருள், லேசுல அறாது. இழுத்து விட்டா காலைக் கவ்விக்கும்."

"ஸ்பிரிங் ஒரு ஜோடிதானே இருக்கு? அதை அவ போட்டுக்கட்டும். எனக்கு ரப்பர் போதும்."

"வேணாம், வேணாம்! ரப்பரை அவளுக்குக் குடு."

"ஏன், அவ உயிருன்னா இளப்பமா?" என்று சிரித்தபடியே ரப்பர் பட்டைத் துடுப்பை மாட்டிப் பார்த்துக் கழற்றினாள். "ஐயே, என்னப்பா இது, காலெல்லாம் கறுப்பு!"

மகளின் குதிகாலைப் பார்த்தவர் தரையில் உட்கார்ந்து அதைத் துடைக்க ஆரம்பித்தார். பாவி மனுஷன், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொல்லித் தீர்த்தார்.

அவள் பட்டையை வளைத்தாள். பளபளப்புக்கு உள்ளே விரிசல் வாய் பிளந்தது.

"எம்புள்ளைக்குச் சரியா நீந்தத் தெரியலையேன்னு செத்துப்போன அந்தப் பையனோட அம்மா இன்னும் அழுதுட்டிருக்காங்கப்பா. நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் குடுக்கப் பயப்படுற பொருளை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் குடுக்கறது வியாபாரம் இல்லை. கொலை."

அவர் எழுந்தார். கத்தரிக்கோலை எடுத்து எல்லா ரப்பர் பட்டைகளையும் வெட்டிப் போட்டார். கடையைப் பூட்டி, ஒற்றைத் துடுப்போடு அந்தத் தாயின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உங்க பிள்ளை நல்லாத்தாம்மா நீந்தினான்," என்றார். "நான் குடுத்த பட்டைதான் அறுந்துபோச்சு."